கூரை மடங்கும் காடியின் பின் பொனெட் நிற்க மாட்டேன் என்கிறது

கல்யாணக்காடி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2004 மாடல் ஐரோப்பியக் காடி (கார்) ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு. பித்தானை அழுத்தினால் இரும்புக் கூரை மடிந்து பின்னால் போய் உட்காரும் வகை. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இருபது வருடக் காடி சோர்ந்து போனதற்கு அவர்களை இழுத்து என்ன ஆகப்போகிறது? மாப்பிள்ளை பெண் ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறேன். அப்பா எல்பில் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். காடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை பெய்கிற ஊரில் கூரை கழற்றுகிற வண்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரச்சினை இதுதான். பின் பொனெட்டை, அதாவது சாமான் வைக்கும் பெட்டியின் மூடியைத் தூக்கினால் நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் மெதுவாக இறங்க ஆரம்பித்து, பாதிக்கு மேல் தொப்பென்று விழுகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் கேமராக்காரத் தம்பி குனிந்து கால் ஸ்டாண்டை எடுக்கும்போது அவன் பின்மண்டையில் விழுந்தது. நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. அன்றிலிருந்து செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பில் ஒரு துண்டை வெட்டி முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், மத்தியான வெயிலில் நிற்கிறது, காலையில்தான் விழுகிறது. இங்கே ஒரு போமனிடம் (மெக்கானிக்) காட்டினேன். ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்றினால் நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும் என்கிறார். உண்மையா? இப்போது ஆடி மாதம், கல்யாணம் இல்லை, காடி சும்மாதான் நிற்கிறது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் சரிசெய்தாக வேண்டும்.

மைவி மகாராஜா

தலைவரே, நாலாயிரமா? மைவி காடியின் பின் கதவைத் தாங்குகிற கேஸ் குழாய் இருக்கிறதே, அந்த அப்சோர்பர் இரண்டு வாங்கி மாட்டுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். என் மச்சான் லோரி கேன்வாஸ் பெட்டிக்கே அதைத்தான் போட்டிருக்கிறான், கும்மென்று நிற்கிறது.

பழைய போமன் (ஈப்போ)

தம்பி கல்யாணக்காடி, முதலில் பம்புக்குக் காசு கொடுக்காதே. மகாராஜா சொன்னதையும் செய்யாதே, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன் காடி வகையில் பின் மூடி இரண்டு விதமாகத் திறக்கும். கூரை மடியும்போது மூடி பின்பக்கத்தைக் கீலாக வைத்து, கண்ணாடிப் பக்கமிருந்து வாயைப் பிளக்கும். கூரை உள்ளே போய்ப் படுக்க வழி விட வேண்டுமே, அதற்கு. அந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக். நீ பெட்டி வைக்கத் திறக்கும்போது எதிர்ப் பக்கமாக, எல்லாக் காடியையும் போல நம்பர் பிளேட் பக்கமிருந்து திறக்கும். அதைத் தூக்கி நிறுத்துவது இரண்டு பக்கமும் இருக்கும் கேஸ் அப்சோர்பர். பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். கூரை ஒழுங்காக மடிகிறதா? நடுவில் நிற்காமல், முனகாமல், எண்ணெய் ஒழுகாமல்? ஆமாம் என்றால் உன் பம்ப் நன்றாக இருக்கிறது. செத்தது அப்சோர்பர்.

கல்யாணக்காடி

அண்ணே, கூரை வெண்ணெய் மாதிரி மடிகிறது. ஒரு சத்தமும் இல்லை.

பழைய போமன் (ஈப்போ)

அப்புறம் என்ன. அந்தப் போமன் பார்க்காமலே சொல்லியிருக்கிறார், அல்லது பார்க்க விரும்பவில்லை.

தைப்பிங் தம்பி

இடையில் ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரை. அதில் கேஸே கிடையாது. மூடியின் கீலுக்கு நடுவே குறுக்காக இரண்டு முறுக்குக் கம்பிகள் போகின்றன, அவற்றின் முறுக்குதான் மூடியைத் தூக்குகிறது. பழைய செடான் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். எனவே கூரை மடங்கும் காடி என்றாலே அப்சோர்பர் என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் குனிந்து பாருங்கள். முறுக்குக் கம்பி என்றால் கையால் பிடுங்க வேண்டாம். விட்டால் முகத்துக்கு வரும்.

பின் பொனெட் எதிர்ப்பாளர்

மன்னிக்கவும், பொனெட் என்றால் முன்பக்கம். பின்பக்கத்துக்கு பூட் என்று பெயர்.

மைவி மகாராஜா

வந்துட்டாருய்யா வாத்தியார். இந்த நாட்டில் முன் பொனெட், பின் பொனெட் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். "பூட்டைத் திற" என்று எழுதினால் சாவியைத் தேடுவார்கள்.

வாத்தியார் 1968 (லிந்தாங் சாலை)

வாத்தியார் நான்தான், ஓய்வு பெற்றவன், என்னை இதில் இழுக்காதீர்கள். ஆனால் காலையில் விழுகிறது, மத்தியானம் நிற்கிறது என்று தம்பி எழுதியது எனக்குப் பிடித்த கேள்வி.

அப்சோர்பருக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். கூடவே கேஸ் வெளியேறாமல் அடைக்கும் சீல் வளையத்தையும் பிஸ்டனையும் ஈரமாக வைக்கக் கொஞ்சம் எண்ணெய். மூடிய குழாயில் இருக்கும் வாயு சூடேறினால் அதன் அழுத்தம் கூடும். இதற்குச் செல்சியசில் அல்ல, கெல்வினில் கணக்குப் போட வேண்டும். அதிகாலை 24 டிகிரி என்றால் 297 கெல்வின். வெயிலில் நிறுத்திய காடியின் பின்பகுதி 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 323 கெல்வின். 323-ஐ 297-ஆல் வகுத்தால் 1.09 வரும். அதாவது அதே அப்சோர்பர் மத்தியானத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு அதிகமாகத் தள்ளும். உங்கள் அப்சோர்பர் எல்லைக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெயில் அதை அந்தப் பக்கம் தள்ளுகிறது, விடியற்காலை இந்தப் பக்கம் இழுக்கிறது. பேய் பிசாசு எதுவும் இல்லை.

செம்பனை மண்டோர்

சார், பேய் என்று யாரும் சொல்லவில்லையே!

தம்பி, கழற்றிய பழைய அப்சோர்பரை என்ன செய்வாய் என்பதையும் யோசித்து வை. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒருமுறை யாரோ பழைய அப்சோர்பரைக் குப்பையோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து வெடித்தது பாருங்கள், குழாய் பறந்து போய்க் கோழிக்கூண்டின் தகரத்தைக் கிழித்தது. கோழி மூன்று நாள் முட்டை இடவில்லை. அறுக்கவும் கூடாது, துளைக்கவும் கூடாது, வெல்டிங் பக்கம் கொண்டுபோகவும் கூடாது. "உள்ளே கேஸ் இருக்கிறது" என்று சொல்லிப் பழைய இரும்புக் கடையில் கொடு.

பழைய போமன் (ஈப்போ)

மண்டோர் சொன்னது முக்கியம். டயரில் இருப்பது 2 பார் சொச்சம் அழுத்தம். இந்தச் சின்னக் குழாயில் 50 பார், அதற்கு மேலும் இருக்கும். செத்துப்போன அப்சோர்பரில்கூடப் பாதி மீதி இருக்கும், செத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு பக்கத்து அப்சோர்பரை மட்டும் கழற்று. அதற்கு முன் உன் செம்பனைக் கம்பை முட்டுக் கொடு, கூட ஒரு ஆளையும் நிறுத்து. இரண்டு முனையிலும் குண்டு மாதிரி ஒரு ஸ்டட் இருக்கும், அதைக் கவ்விக்கொண்டு ஒரு கிண்ணம். கிண்ணத்தின் கழுத்தில் மெல்லிய கம்பிக் கிளிப் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதற்கடியில் விட்டு இரண்டு மூன்று மில்லி மட்டும் நெம்பு. முழுதாக எடுக்காதே, எடுத்தால் பறந்துபோய்ப் புல்லில் விழும், பிறகு கிடைக்காது. நெம்பியபடியே கிண்ணத்தை வெளிப்பக்கம் இழுத்தால் "டக்" என்று வந்துவிடும். கழற்றியதைத் தரையில் நிறுத்திக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்.

கல்யாணக்காடி

இன்று காலை செய்தேன். என் தம்பி மூடியைப் பிடித்துக்கொண்டான். முதல் கிளிப் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது அண்ணே, நீங்கள் சொல்லியும். இரண்டாவதில் கை பழகிவிட்டது.

இடது பக்கத்து அப்சோர்பரின் கம்பியில் விரலை வைத்தால் கறுப்பாகப் பிசுபிசு என்று ஒட்டுகிறது. குழாயின் வாயில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒரு வளையமாகக் காய்ந்திருக்கிறது. தரையில் நிறுத்தி ஒரு கையால் அமுக்கினேன், சைக்கிள் பம்ப் மாதிரி உள்ளே போயிற்று. திரும்பி வர மனசே இல்லை. வலது பக்கத்தது பரவாயில்லை, உடம்பின் பாரத்தைப் போட்டால்தான் இறங்குகிறது. அப்படியென்றால் இடது பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய போமன் (ஈப்போ)

எண்ணெய் வளையம் என்றால் சீல் போய்விட்டது. அந்த வழியாகத்தான் கேஸும் போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றாதே. புதியது ஒரு பக்கம் முழுப் பலத்தோடு தள்ளும், கிழவன் மறுபக்கம் சும்மா நிற்பான். மூடி முறுகும். சாதாரணக் காடியில் அது மூடியோடு போய்விடும். உன் காடியில் அந்த மூடி கூரையோடும் சட்டத்தோடும் சேர்ந்து ஓடுகிற பொருள். கொஞ்சம் கோணினாலும் பூட்டு சரியாக உட்காராது, பூட்டு உட்காரவில்லை என்றால் கூரை அசையாது. அப்போது உண்மையிலேயே நாலாயிரம் செலவாகும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

வேலை நடக்கும்போது கூரையைப் பாதி மடக்கிய நிலையில் விடாதே. கூரை முழுக்க மூடியிருக்கட்டும், சாவி காடியில் இருக்க வேண்டாம், பாக்கெட்டில் வைத்துக்கொள். கை உள்ளே இருக்கும் நேரம் பார்த்துப் பித்தானை அழுத்தச் சின்னப் பிள்ளைகள் எந்த வீட்டிலும் உண்டு.

மைவி மகாராஜா

சரி அண்ணே, மைவி அப்சோர்பர் ஏன் ஆகாது? இன்னும் சொல்லவில்லை.

பழைய போமன் (ஈப்போ)

அப்சோர்பர் வாங்கும்போது நாலு விஷயம் பொருந்த வேண்டும் மகாராஜா. முழுக்க நீண்டிருக்கும்போது குண்டு மையத்திலிருந்து குண்டு மையம் வரை எவ்வளவு நீளம். கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போகும். முனை என்ன வகை. எத்தனை நியூட்டன், அதாவது எவ்வளவு பலத்தோடு தள்ளும். மைவி மாதிரி ஹேட்ச்பேக்கின் பின் கதவு என்பது கண்ணாடி, வைப்பர் எல்லாம் சேர்ந்த கனமான சாமான், அதற்குச் செய்ததைக் கொண்டுவந்து சின்ன மூடியில் மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். நீளம் அதிகமென்றால் மூடி முழுதாக மூடுவதற்கு முன்பே அப்சோர்பர் அடிவரை போய் முட்டும், நீ அழுத்தி மூடுவாய், கீல் வளையும். பலம் அதிகமென்றால் பூட்டைத் திறந்ததும் மூடி துள்ளிப் போய்க் கண்ணாடிப் பக்கம் இடிக்கும். உன் மச்சான் லோரிப் பெட்டி வளைந்தால் சுத்தியலால் தட்டிக்கொள்வான்.

கல்யாணக்காடி

நீளம் அளந்துவிட்டேன். நீட்டினால் 38 செ.மீ. வெளியே தெரியும் கம்பி 14 செ.மீ. கம்பி 8 மில்லி தடி. ஆனால் எத்தனை நியூட்டன் என்று எழுதியிருந்த ஸ்டிக்கர் வெளிறி ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் "250-ஆ 400-ஆ?" என்று கேட்கிறார். நான் முழிக்கிறேன்.

வாத்தியார் 1968 (லிந்தாங் சாலை)

ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். இரண்டு அப்சோர்பரையும் கழற்றிய பிறகு, மூடியின் விளிம்பில் ஒரு கொக்கியை மாட்டித் தராசில் தொங்கவிட்டு, மூடியை ஒரு சாண் தூக்கிப் பிடித்து எத்தனை கிலோ என்று பாருங்கள். கீலிலிருந்து விளிம்பு எவ்வளவு தூரம் என்பதும் வேண்டும். அதோடு, மூடி முழுக்கத் திறந்திருக்கும்போது அப்சோர்பர் போகும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று ஒரு நூலைப் பிடித்து அளந்து எழுதுங்கள்.

செம்பனை மண்டோர்

தராசு என்னிடம் இருக்கிறது தம்பி. உதிரிப் பழச் சாக்கு நிறுக்கிற தொங்கு தராசு. சாயங்காலம் வா.

கல்யாணக்காடி

மண்டோர் அண்ணனின் தராசால் அளந்தாயிற்று. ஒரு பக்கம் செம்பனைக் கறை, மறுபக்கம் என் பாலிஷ் போட்ட மூடி. துணி சுற்றித்தான் மாட்டினேன். விளிம்பில் 11.5 கிலோ. கீலிலிருந்து விளிம்பு 85 செ.மீ. அந்த நூல் தூரம் 12 செ.மீ.

வாத்தியார் 1968 (லிந்தாங் சாலை)

நன்று. 11.5 கிலோ என்றால் ஏறக்குறைய 113 நியூட்டன். 0.85 மீட்டரால் பெருக்கினால் 96 நியூட்டன் மீட்டர், அதுதான் மூடி கீலைச் சுற்றி இறங்கப் பார்க்கும் திருப்புவிசை. இதை 0.12-ஆல் வகுத்தால் 800. இரண்டு அப்சோர்பர், ஆகவே ஒன்றுக்கு 400. கடைக்காரரிடம் 400 என்று சொல்லுங்கள்.

ஒமார் பாலி மாணவி

சார், மன்னிக்கணும். நான் உங்கோ ஒமார் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். நீங்கள் போட்ட 96 என்பது மூடி படுத்திருக்கும்போது உள்ள கணக்கு. ஆனால் 12 செ.மீ. என்பது மூடி நிமிர்ந்திருக்கும்போது அளந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது இல்லையா? அண்ணன் மூடி எவ்வளவு நிமிர்கிறது?

கல்யாணக்காடி

போன் ஆப்பில் வைத்துப் பார்த்தேன் தங்கச்சி, 60 டிகிரி காட்டுகிறது.

ஒமார் பாலி மாணவி

அப்போது கீலிலிருந்து பாரம் வரைக்கும் உள்ள கிடைத் தூரம் பாதியாகிவிடும், 60 டிகிரிக்கு கோசைன் 0.5. ஆகவே 48 நியூட்டன் மீட்டர்தான். 48-ஐ 0.12-ஆல் வகுத்தால் 400. ஒன்றுக்கு 200 நியூட்டன். அது வெறுமனே தாங்க மட்டும். காற்று, தேய்மானம், காலைக் குளிர் எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் 250 வரும். 400 போட்டால் இரண்டு மடங்கு.

வாத்தியார் 1968 (லிந்தாங் சாலை)

சரிதான் அம்மா. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இதே தப்புக்குச் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். 250.

பழைய போமன் (ஈப்போ)

கணக்கு இல்லாமல் கேட்டிருந்தாலும் நான் 250 என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கல்யாணக்காடி

ஹா ஹா. அண்ணே, கோபிக்காதீர்கள்.

ஆன்லைனில் ஜோடி 70 வெள்ளிக்கு வாங்கினேன். 38 செ.மீ., 250 நியூட்டன் என்று இரண்டிலும் அச்சடித்திருக்கிறது. மாட்டும் முன் ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழைய போமன் (ஈப்போ)

உன் வீட்டில் உடம்பு எடை பார்க்கிற மிஷின் இருக்கிறதா? அதை ஒரு பழைய துண்டால் மூடி, மேலே அப்சோர்பரைக் கம்பி கீழே இருக்கும்படி நேராக நிறுத்தி, மெதுவாக அமுக்கு. கம்பி உள்ளே நகர ஆரம்பித்துக் கொஞ்சம் போனதும் நிறுத்தி எண்ணைப் படி. 10 நியூட்டனுக்கு ஏறக்குறைய 1 கிலோ. 250 என்றால் 25 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். நேராக நிறுத்து, சாய்ந்தால் வழுக்கும்.

கல்யாணக்காடி

ஒன்று 26 காட்டியது. இன்னொன்று 19. திரும்பத் திரும்ப மூன்று தடவை பார்த்தேன், 19-தான். இரண்டிலும் 250 என்றுதான் அச்சு! திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வந்துவிட்டது. நேற்று ஈப்போ போய் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எடை மிஷினைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அமுக்கிப் பார்த்து வாங்கினேன். 25, 26. ஜோடி 140 வெள்ளி. கடையில் இருந்த சீனத் தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு அவரும் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

பழைய போமன் (ஈப்போ)

கெட்டிக்காரன். மாட்டும்போது ஒன்று கழற்று, ஒன்று மாட்டு, பிறகு அடுத்தது. இரண்டையும் சேர்த்துக் கழற்றாதே. மூடி மூடியிருக்கும்போது கம்பி கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டு. உள்ளே உள்ள எண்ணெய் அப்போதுதான் சீலின் மேல் தேங்கி அதை ஈரமாக வைத்திருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து ஆயுசு குறையும். ஸ்டட்டைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கிரீஸ் தடவு. கம்பியில் கிரீஸ் வேண்டாம், பிளையரால் பிடிக்கவும் வேண்டாம். கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு தடவையும் சீலை அரம் மாதிரி ராவும்.

மாட்டிய பிறகு முதல் தடவை மூடுவதை மெதுவாகச் செய். அடிமுட்டுகிறதா என்று கையில் தெரியும்.

கல்யாணக்காடி

மாட்டியாயிற்று. ஒரு விரலால் தூக்கினால் பாதிக்கு மேல் தானாகப் போய் நிற்கிறது. விடியற்காலை 6 மணிக்கு எழுந்து பனியில் நின்று பார்த்தேன், அசையவில்லை. கூரையையும் நாலு தடவை மடக்கிப் பார்த்தேன், வழக்கம்போல் ஓடுகிறது. எல்லாருக்கும் நன்றி. செம்பனைக் கம்பை மண்டோர் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். இழையை மூடிக்கொள்ளலாம்.

மைவி மகாராஜா

140 வெள்ளியில் முடிந்தது. நாலாயிரம் கேட்டவருக்கு ஒரு கும்பிடு.

கல்யாணக்காடி

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். மறுபடி விழுந்துவிட்டது!

ஆவணி முதல் முகூர்த்தம். காலை 5.30-க்குப் பெண் வீட்டில் சீர்த்தட்டு ஏற்றுகிறோம். மூடி மெதுவாக இறங்கி வந்து பலகாரத் தட்டின் மேல் உட்கார்ந்தது. அதிரசம் எல்லாம் அப்பளம். பெண்ணின் அத்தை பார்த்த பார்வையை எழுத முடியாது. முந்தின நாள் மத்தியானம் அலங்காரம் முடித்து மூன்று தடவை திறந்து பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. புது அப்சோர்பர் மூன்று வாரத்தில் சாகுமா?

பழைய போமன் (ஈப்போ)

கழற்றி எடை மிஷினில் வைத்துப் பார்.

கல்யாணக்காடி

பார்த்தேன். 25, 26. அதே எண்.

ஒமார் பாலி மாணவி

அண்ணா, "அலங்காரம் முடித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, மூடியின் மேல் என்ன வைத்தீர்கள்?

கல்யாணக்காடி

அட! பூச்சட்டம். இதய வடிவத்தில் கம்பியில் செய்தது, உறிஞ்சி ரப்பரால் மூடியில் ஒட்டும். அது அவ்வளவு கனம் இல்லையே தங்கச்சி?

பூக்கடை அக்கா (கோலக்கங்சார்)

தம்பி, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். வெறும் சட்டம் கனம் இல்லை. அதில் பச்சை ஸ்பாஞ்சு வைத்துப் பூ குத்தியிருப்பார்கள். அந்த ஸ்பாஞ்சு காய்ந்திருந்தால் பஞ்சு மாதிரி, தண்ணீர் குடித்தால் செங்கல் மாதிரி. காலையில் பூ வாடாமல் இருக்க நாங்கள் மறுபடி தண்ணீர் ஊற்றுவோம். உங்கள் பூக்காரரும் ஊற்றியிருப்பார்.

கல்யாணக்காடி

ஊற்றினார் அக்கா. 4.30 மணிக்கு வந்து குடத்தோடு ஊற்றினார். "நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்றார்.

இப்போது நிறுத்துப் பார்த்தேன். சட்டமும் காய்ந்த ஸ்பாஞ்சும் பூவும் 3.2 கிலோ. தண்ணீர் ஊற்றினால் 4.7. கீலிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் ஒட்டியிருந்தேன்.

வாத்தியார் 1968 (லிந்தாங் சாலை)

இந்த முறை கோசைனோடு போடுகிறேன்.

4.7 கிலோ, 0.70 மீட்டர், அதில் பாதி: ஏறக்குறைய 16 நியூட்டன் மீட்டர். 0.12-ஆல் வகுத்து இரண்டாகப் பிரித்தால் ஒரு அப்சோர்பருக்குக் கூடுதலாக 67 நியூட்டன். முன்பு வேண்டியது 200, இப்போது 267. உங்களுடைய 250 என்பது 20 டிகிரியில் சொல்லும் எண், விடியற்காலை 24 டிகிரியில் 253 தள்ளும். 267 வேண்டும், 253 இருக்கிறது. விழும்.

முந்தின நாள் மத்தியானம் பூவுக்கு அவ்வளவு தண்ணீர் இல்லை. 3.2 கிலோவுக்கு 246 போதும். வெயிலில் 50 டிகிரிக்கு அப்சோர்பர் 275 தள்ளியிருக்கும். கல்லு மாதிரி நின்றதில் ஆச்சரியம் இல்லை.

மைவி மகாராஜா

அப்போது 350 போட்டால் தீர்ந்தது. நான் முதலிலேயே கனமானது போடச் சொன்னேன்.

பழைய போமன் (ஈப்போ)

பூ இருக்கும் நாள் மாதத்துக்கு நாலு. பூ இல்லாத நாள் இருபத்தாறு. இருபத்தாறு நாளும் கீலை அடித்துக்கொண்டே இருப்பாயா? அதோடு மூடியை மூட இரண்டு கையும் போட வேண்டும், உறிஞ்சி ரப்பர் சட்டம் துள்ளி ஒரு நாள் மாப்பிள்ளை மடியில் விழும்.

250 அப்படியே இருக்கட்டும். தோட்டத்து டிராக்டர் என்ஜின் மூடிக்கு நாங்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பிவிசி, அப்சோர்பர் கம்பியைவிடக் கொஞ்சம் அகலமாக, ஆனால் அப்சோர்பர் குழாயின் வாயைத் தாண்டாத அளவில் ஒரு துண்டு. மூடி முழுக்கத் திறந்திருக்கும்போது வெளியே தெரியும் கம்பி எவ்வளவோ, அதைவிட அரை செ.மீ. மட்டும் குறைவாக வெட்டு. நீளவாக்கில் ஒரு பக்கத்தைப் பிளந்துவிடு, சி எழுத்து மாதிரி. மூடியைத் திறந்ததும் கம்பியின் மேல் "கிளக்" என்று மாட்டு. கம்பி உள்ளே போக இடமே இல்லை, எத்தனை கிலோ பூ வைத்தாலும் மூடி அரை செ.மீ. இறங்கி நின்றுவிடும். இரண்டு பக்கமும் போடு. பிசிறை அரத்தால் ராவிவிடு, கீறல் விஷயம் ஞாபகம் இருக்கிறதல்லவா? அலுமினியத்தில் செய்யாதே.

மூடும்போது எடுக்க மறந்தால் நீயே கீலை வளைப்பாய். அதற்கு ஒரு வழி பார்த்துக்கொள்.

செம்பனை மண்டோர்

பிவிசி துண்டு என்னிடம் கிடக்கிறது. தராசைக் கொடுத்தேன், கம்பைக் கொடுத்தேன், இனிக் குழாயும் நான்தானா? கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தனும் கூப்பிடவில்லை.

பூக்கடை அக்கா (கோலக்கங்சார்)

தம்பி, இன்னொன்று. சட்டத்தைக் கீல் பக்கமாக நகர்த்தி ஒட்டச் சொல்லுங்கள். விளிம்புப் பக்கம் வெறும் ரிப்பன், மல்லிகைச் சரம் போதும். போட்டோவில் வித்தியாசமே தெரியாது. ஸ்பாஞ்சுக்குப் பதில் ஒவ்வொரு தண்டுக்கும் சின்னத் தண்ணீர்க் குப்பி மாட்டலாம், கனம் பாதியாகும்.

கல்யாணக்காடி

அக்கா சொன்னபடி சட்டத்தை 70-லிருந்து 40 செ.மீ.க்கு இழுத்துவிட்டேன், பூக்காரரிடம் குப்பியும் கேட்டிருக்கிறேன். போமன் அண்ணன் சொன்ன குழாய்த் துண்டு இரண்டும் தயார், 13.5 செ.மீ. ஒவ்வொன்றிலும் துளை போட்டு ஒரு முழம் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். மூடி திறந்திருக்கும்போது ரிப்பன் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் தொங்கும், அதைப் பார்க்காமல் யாரும் மூட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை டோவன்பி பக்கம் ஒரு கல்யாணம். காலை 5 மணி, நல்ல பனி, பூவுக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூடி அசையாமல் நின்றது, குழாய்க்கு வேலையே வரவில்லை. கேமராக்காரத் தம்பி வந்தான். இரண்டு பக்கமும் ரிப்பனை இழுத்துப் பார்த்தான், மூடியை ஒரு குத்துக் குத்திப் பார்த்தான், அப்புறம்தான் தலையை உள்ளே விட்டான்.

மண்டோர் அண்ணே, கார்த்திகையில் என் தங்கச்சிக்குத்தான் கல்யாணம். தராசோடு வந்துவிடுங்கள்.